ரேடியோ திருத்திய இரண்டாம் பாகம்

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் தியேட்டரில் முதலில் எழுந்து நின்றவள் ரேடியோதான். கைதட்டுவதற்காக அல்ல. யாரையாவது பிடித்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்ற வேகத்தில் எழுந்தாள். கேட்க அங்கே யார் இருக்கிறார்கள்? திரையில் பெயர்கள் தம்பாட்டுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தன. வீட்டுக்காரர் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"விடு, படம்தானே," என்றார்.

"படம்தானேன்னா? ஆயிரத்து நூறு பக்கம் எழுதி வச்சுட்டுப் போயிருக்காரு மனுஷன். இவங்க அட்டையைக்கூட ஒழுங்காப் படிக்கலை."

"உனக்குப் பிடிக்கலைன்னா அக்காகிட்ட பிடிக்கலைன்னு சொல்லிடு. அதோட முடிஞ்சுது."

அங்கேதான் சிக்கல். அக்காவிடம் இந்தப் படத்தை எப்படிச் சொல்வது?

ரேடியோ என்பது அப்பா வைத்த பட்டப்பெயர். அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த தங்கை, வாயால் பேசக் கற்ற கையோடு கையாலும் பேசக் கற்றுக்கொண்டாள். வாசலில் யார் வந்தது, பக்கத்து வீட்டில் என்ன சண்டை, கடைக்காரன் யாரைத் திட்டினான், எல்லாவற்றையும் மூச்சிரைக்க ஓடிவந்து அக்காவிடம் ஒலிபரப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அக்காவும் அவளுக்குக் கையாலேயே ஒரு பெயர் வைத்தாள்: காதோரம் இரண்டு விரலால் குமிழைத் திருகுவது. இன்று ரேடியோவுக்கு முப்பத்தேழு வயது. தொலைபேசிக் கம்பெனியில் புகார் கேட்கும் வேலை. நாள் முழுக்க ஊரார் ஏச்செல்லாம் இவள் காதில்தான் விழும். கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடித்தனம். ஆனாலும் காது கேளாதோர் சங்கத்தில் அவளைப் பார்த்தால் எல்லோரும் காதோரம் குமிழைத்தான் திருகுவார்கள்.

அந்தச் சங்கத்தில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மதியம் படம் போடுவார்கள். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. ஒருவர் கையை ஒருவர் பார்க்க வேண்டும் என்பதால் நாற்காலிகளை அரைவட்டமாகப் போடுவது வழக்கம். ஒலிபெருக்கியை மரத்தரையில் கவிழ்த்து வைத்து முழுச் சத்தமும் வைப்பார்கள். இசை உள்ளங்கால் வழியாக ஏறும். கீழே எழுத்து ஓடும் படமென்றால் தொல்லை இல்லை. எழுத்து இல்லாத படமென்றால் திரையின் ஓரத்தில் ஒரு மேஜை விளக்கைப் போட்டு, அதன் வெளிச்சத்தில் ரேடியோ நிற்பாள். கை எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று பூப்போடாத கறுப்புச் சட்டை போட்டுக்கொள்வாள். திரையில் யார் என்ன பேசினாலும் அவள் கை பேசும். பதினாறு வருடமாக இதைச் செய்கிறாள். தயாரில்லாமல் ஒருநாளும் போய் நின்றதில்லை. முன்னதாகவே தியேட்டருக்குப் போய், இருட்டில் குருட்டாம்போக்காகக் குறிப்பெழுதிக்கொண்டு வருவாள்.

இந்த முறை குறிப்பு நோட்டில் பாதிக்கு மேல் வசைதான் இருந்தது.

படத்துக்கு மூலமான அந்த நாவலைப் படிக்காதவர்கள் அக்கா தலைமுறையில் குறைவு. மலையை அளந்து வரைபடம் போட வந்த ஒரு பெண்ணின் கதை. முதல் பாகத்தில் இன்ஜினீயர் ஒருவன் அவளிடம் மனதைக் கொடுத்து, திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். எட்டு வருடம் வரவில்லை. இரண்டாம் பாகத்தின் முடிவில் வருகிறான், மழையில் நனைந்துகொண்டு, சாதாரண பஸ்ஸில். அவள் அவனுக்குத் தேநீர் கொடுத்து, அவன் சமாதானமெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொல்கிறாள்: "உங்களுக்காக நான் காத்திருக்கவில்லை. இங்கே வாழ்ந்துகொண்டிருந்தேன்." சொல்லிவிட்டு, வந்ததுதான் வந்தீர்கள், இந்த அளவுச் சங்கிலியின் அந்த முனையைக் கொஞ்சம் பிடியுங்கள் என்று வேலைக்குக் கிளம்பிவிடுகிறாள். அவ்வளவுதான் முடிவு. அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மடியில் வைத்தபடி அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனையோ பேர்.

அக்கா அதில் ஒருத்தி. இருபத்துநாலு வயதில் அவளுக்குப் பேசிய ஒரு சம்பந்தம் கூடாமல் போனது. அதற்கடுத்த மாதம்தான் அந்த இரண்டாம் பாகம் கைக்கு வந்தது. படித்து முடித்தாள், மறுவாரமே பெயிண்ட் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வாடிக்கையாளர் ஓர் உடைந்த ஓட்டுத்துண்டையோ, பழைய கதவின் சிராயையோ கொண்டுவந்து நீட்டி, இதே நிறம் வேண்டும் என்பார். அக்கா ஐந்தாறு டப்பாவிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கலந்து அதே நிறத்தைக் கொண்டுவந்துவிடுவாள். அரைச்சொட்டு மஞ்சள் கூடினாலும் கண்டுபிடிக்கும் கண். இன்றைக்கு அந்தக் கடையில் அவள்தான் தலைமை. அப்புறம் யார் கல்யாணப் பேச்சை எடுத்தாலும் சிரித்துக்கொண்டே அந்த வரைபடக்காரியின் வசனத்தைக் கையால் சொல்லி வாயை அடைத்துவிடுவாள்.

முதல் பாகத்தைப் படமாக எடுத்தபோது, சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எடுத்திருந்தார்கள். அக்கா அதை மூன்று தடவை பார்த்தாள். இரண்டாம் பாகம் எப்போது வரும், கடைசிக் காட்சியை எப்படி எடுப்பார்கள் என்று இரண்டு வருடமாக ரேடியோவைத் துளைத்துக்கொண்டிருந்தாள்.

வந்தது. எப்படி வந்தது தெரியுமா? இன்ஜினீயர் ஹெலிகாப்டரில் வந்து குதிக்கிறான். வரைபடக்காரியை யாரோ கட்டிப்போட்டிருக்கிறார்கள், எதற்கு என்று கடவுளுக்கே வெளிச்சம். பதினைந்து பேரை அடித்துத் துவைத்து அவளை விடுவிக்கிறான். அவள் என்ன செய்கிறாள்? தடாலென்று அவன் காலில் விழுகிறாள். "நீங்க வருவீங்கன்னு நம்பாம போயிட்டேன், என்னை மன்னிச்சிடுங்க," என்று கதறிவிட்டு, எட்டு வருடம் உட்கார்ந்து போட்ட வரைபடங்களைக் கட்டுக்கட்டாக நெருப்பில் தள்ளுகிறாள். அந்த நெருப்பைச் சுற்றி ஒரு பாட்டு வேறு. இயக்குநர் பேட்டியில் சொன்னாராம்: "அத்தனை வருஷம் தவிச்சவளைக் கடைசியில தனியா விட எனக்கு மனசு வரலை." அட மகராசா, தவித்தாள் என்று உனக்கு யார் சொன்னது?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரேடியோ பொருமிக்கொண்டே வந்தாள். அக்கா முன்னால் நின்று, இந்தக் கையால், அந்த மன்னிப்பைச் சொல்ல வேண்டும். அக்கா முகம் எப்படி விழும் என்று நினைத்தாலே பொறுக்கவில்லை. ஒருநாள் யோசித்தாள், இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் அலமாரியிலிருந்து நாவலை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் புது நோட்டில் குறிப்பெடுக்க ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "வேண்டாம்மா," என்றார். அவர் பேச்சை அவள் எப்போது கேட்டிருக்கிறாள்?

ஞாயிறு மதியம் அறை நிரம்பி வழிந்தது. வழக்கமாக இருபது பேர் வருகிற இடத்தில் நாற்பது பேர். முன்வரிசையில் லேத் பட்டறைக் கடைசல்காரர்; சங்கத்தின் செயலாளர் அவர்தான், கிண்டலுக்குப் பேர்போனவர். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி அக்கா, நல்ல புடவையில், மடியில் கை கோத்து உட்கார்ந்திருந்தாள். கடைசல்காரர் விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போட்டார். அதுதான் அங்கே மணியடிப்பது. படம் தொடங்கியது.

முதல் ஒரு மணி நேரம் ரேடியோ உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஹெலிகாப்டர் வந்தவுடன் தன் வேலையை ஆரம்பித்தாள்.

"மலையை மேலேயிருந்து படம் எடுக்க கவர்மெண்ட்டு அனுப்பினது," என்றது அவள் கை.

அடிதடிக்கு, "எல்லைத் தகராறு" என்றாள். இன்ஜினீயர் மார்பில் அறைந்துகொண்டு ஏதோ வீரவசனம் பேசினான். கடைசல்காரர் நாற்காலியிலிருந்தே, "ஏன் நெஞ்சைத் தட்டறான்?" என்று கேட்டார். "மலைக்காத்து ஒத்துக்கலை," என்றாள் ரேடியோ, கண்ணிமைக்காமல்.

அப்புறம் அந்தக் காட்சி. நடிகை தடாலென்று காலில் விழுந்தாள். ரேடியோவின் கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "அளவுச் சங்கிலியோட முனை அவர் காலடியில கிடக்கு, எடுக்கறா," என்றாள். நடிகை கதறினாள். "மழைச்சாரல்," என்றாள். பிறகு, நடிகையின் உதடு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, ரேடியோ நிமிர்ந்து நின்று அக்காவை நேராகப் பார்த்துக் கையை விரித்தாள். "உங்களுக்காக நான் காத்திருக்கலை. இங்கே வாழ்ந்துக்கிட்டு இருந்தேன்." எவ்வளவு அழகாகச் சொன்னாள் என்கிறீர்கள். அத்தனை வருடத்தில் அவள் கை அவ்வளவு தெளிவாக ஒரு வசனத்தைச் சொன்னதில்லை. நெருப்பு எரிந்தது. "தப்பாப் போட்ட பழைய படத்தையெல்லாம் கொளுத்தறா. புதுசாப் போடப் போறா," என்று முடித்தாள்.

விளக்குப் போட்டதும் நாற்பது பேரும் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினார்கள். அதுதான் அவர்கள் கைதட்டல். ரேடியோவுக்கு வேர்த்து ஊற்றியது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். கடைசல்காரர் எழுந்து வந்து தன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

படத்தின் விமர்சனம். 'நாவலின் உயிரான வசனத்தையே வெட்டிவிட்டார்கள்; வரைபடக்காரியைக் காலில் விழவைத்துவிட்டார்கள்.' தேதி, வெள்ளிக்கிழமை.

"எல்லாரும் முந்தாநாளே படிச்சுட்டோம்," என்றார் அவர். "திட்டறதுக்குன்னே கிளம்பி வந்தோம். அதான் இவ்வளவு கூட்டம்."

காது கேட்காதவர்களுக்குக் கண் தெரியும் என்பது பதினாறு வருடம் பழகியவளுக்கு எப்படி மறந்துபோனதோ. படிக்கிறவர்கள், எழுதுகிறவர்கள், கையில் ஆளுக்கொரு போன். மூக்குடைந்து நின்றாள் ரேடியோ. ஆனால் அவர்கள் கோபப்படவில்லை. "மலைக்காத்து ஒத்துக்கலையாம்," என்று கடைசல்காரர் நெஞ்சைத் தட்டிக்காட்ட, அறையே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "அவங்க படம் குப்பை. உன் படம் பிரமாதம். அடுத்த மாசமும் நீயே கதை எழுதிடு," என்றார். அவளும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்துவைத்தாள். சிரித்தபடியே அக்காவைத் தேடினாள்.

அக்கா சிரிக்கவில்லை. நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். ரேடியோ கிட்டே போய்த் தோளைத் தொட்டாள். அக்கா திரும்பவில்லை. கையால் பேசுகிறவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டால் கதவைச் சாத்தித் தாழ் போட்டதற்குச் சமம். அதற்குமேல் என்ன கத்தினாலும் உள்ளே போகாது. அக்கா கடைசி நாற்காலியையும் அடுக்கிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டாள்.

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. தினம் பத்துத் தகவல் அனுப்புகிற அக்காவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ரேடியோவுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அலுவலகத்தில் யாரோ ஒருவர் இணைப்பு அறுந்துபோய் மூன்று நாளாகிறது என்று கத்தியபோது, "எனக்கும்தான் சார்," என்று சொல்லி மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். புதன்கிழமை தகவல் வந்தது. 'சாயங்காலம் வா. தனியா வா.'

அக்கா இருந்தது பெற்றோர் விட்டுப்போன வீடு. இரண்டு அறை, பின்னால் சின்னத் தோட்டம். வாசலில் பொத்தானை அழுத்தினால் உள்ளே விளக்கு மினுக்கும். ரேடியோ அழுத்தினாள். அக்கா கதவைத் திறந்து, மேஜையின் எதிர்ப்பக்க நாற்காலியைக் காட்டினாள். வழக்கமாகப் பக்கத்தில்தான் உட்காரச் சொல்வாள்.

"படத்துல நீ பண்ணினது. அது முதல் தடவையா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. சத்தியமா. நீ வருத்தப்படுவேன்னுதான்..."

"உன் கை நடுங்கவே இல்லை," என்றாள் அக்கா. "நான் படத்தைப் பார்க்கலை, உன் கையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். முதல் தடவை பொய் சொல்றவ கை அப்படி இருக்காது."

ரேடியோ வாயடைத்துப் போனாள்; அதாவது, கையடைத்துப் போனாள். பிறகு மெல்ல மெல்ல ஒவ்வொன்றாகச் சொன்னாள். அத்தை ஒருமுறை 'இதை யார் தலையில் கட்டப் போறீங்க' என்றபோது, நல்லா இருக்கியான்னு கேக்கறாங்க என்று மாற்றியது. டாக்டர் எரிந்து விழுந்ததை, தண்ணி நிறைய குடிக்கச் சொல்றார் என்றது. பஸ்ஸில் ஒருவன் சொன்னது. கடை முதலாளி முதல் வருடம் சொன்னது.

அக்கா கையசைத்து நிறுத்தினாள். "அதெல்லாம் எனக்குத் தெரியும். அத்தை திட்டினா உதடு கோணிக்கும். கோணின உதட்டோட யாரும் நல்லா இருக்கியான்னு கேக்க மாட்டாங்க. சின்னப் பொண்ணு, நான் அழக்கூடாதுன்னு சொல்றான்னு விட்டுட்டேன். நான் கேக்கறது அது இல்லை."

"வேற எது?"

"அவர் வந்த அன்னைக்கு. தோட்டத்துல, பெஞ்சுல."

இருபத்திரண்டு வருடமாக அவள் தனக்குள்ளேயே சொல்லிக்கொள்ளாத விஷயம் அது.

வந்தவர் ஒரு கணக்கு வாத்தியார், அப்பாவோடு வேலை பார்த்தவரின் மகன். பெரியவர்கள் முன்னறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இரண்டு பேரையும் தோட்டத்தில் உட்காரவைத்து, நடுவில் பேச்சை மாற்றிச் சொல்லப் பதினைந்து வயது ரேடியோவை அனுப்பினார்கள். அரைமணி நேரம் பேசினார்கள். அதன்பிறகு அவர் எழுந்து போய்விட்டார். அவருக்கு விருப்பமில்லை என்று இந்த வீட்டில் நினைத்தார்கள். பெண்ணுக்கு விருப்பமில்லை என்று அந்த வீட்டில் நினைத்தார்கள். கௌரவம் பார்த்து, ஒருவரை ஒருவர் ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

"அவர் கடைசியா ஏதோ நீளமாப் பேசினார்," என்றாள் அக்கா. "பேசும்போது முகம் சிரிச்சுக்கிட்டே இருந்தது. நீ என்கிட்ட, இது ஒத்துவராதுன்னு சொல்றார்னே. வேண்டாம்னு சொல்றவர் எதுக்குச் சிரிக்கறார்னு நெனச்சேன். அவர் முகம் ஒண்ணு சொல்லுச்சு, உன் கை ஒண்ணு சொல்லுச்சு. நான் உன் கையை நம்பினேன். இப்ப சொல்லு. அவர் என்ன சொன்னார்?"

பொய் ஒன்று தயாராகவே இருந்தது. ஞாபகமில்லை என்றால் போதும். பதினைந்து வயதில் நடந்தது யாருக்கு ஞாபகமிருக்கும்? ரேடியோ கையைத் தூக்கினாள். அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கிய கை நடுங்கியது. அப்படியே மேஜைமேல் போட்டுவிட்டாள். அழுகை வந்தது. அக்கா காத்திருந்தாள்.

கடைசியில் சொன்னாள். அவர் சொன்ன வரிசையிலேயே, ஒன்றையும் விடாமல். "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா நடுவுல தங்கச்சியை வச்சுக்கிட்டு நாம எப்படிப் பேசிக்கறது? எனக்கு ஒரு வருஷம் டயம் குடுங்க. இந்தக் கைப்பேச்சைக் கத்துக்கிட்டு வந்து நானே நேரா உங்ககிட்ட கேக்கறேன்."

அக்கா, "இன்னொரு தடவை," என்றாள். ரேடியோ இன்னொரு தடவை சொன்னாள்.

"ஏன்?"

"அவர் கத்துக்கிட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்றாள் ரேடியோ. "உன்னைவிட்டுப் பிரியணும்னு பயமில்லைக்கா. உனக்கு நான் தேவைப்பட மாட்டேன்னு பயம். வீட்டுல எல்லாரும் என்னை ரேடியோ ரேடியோன்னு கொண்டாடினது அதுக்குத்தானே." இப்படி அப்பட்டமாக அதை அவள் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. சொன்ன பிறகு பார்த்தால், இவ்வளவு சின்ன காரணமா என்று இருந்தது.

அக்கா எழுந்து தோட்டத்துக் கதவருகே போய் நின்றாள். முதுகைப் பார்த்துக்கொண்டு ரேடியோ உட்கார்ந்திருந்தாள். கூப்பிட வழியில்லை, திரும்பினால்தான் உண்டு. சுவர்க்கடிகாரத்தில் பெரிய முள் கால்வட்டம் போனது. அக்கா திரும்பினாள். முகம் காய்ந்திருந்தது.

"நான் பதில் சொன்னேனே. ஞாபகமிருக்கா?"

இருந்தது. இரண்டு பொய்யில் அதுதான் கனமானது; அதை அக்கா கேட்காமல் விட்டுவிட வேண்டுமென்று ரேடியோ உள்ளூர வேண்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அக்கா, ஒத்துவராது என்று கேள்விப்பட்ட பிறகும், நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்: "பரவாயில்லைன்னு சொல்லு. எனக்கு அவரைப் பிடிச்சிருக்குன்னும் சொல்லு. சொல்லாம விட்டா மனசுலயே கிடக்கும்."

"அவர்கிட்ட அதை என்னன்னு சொன்னே?"

"உனக்கு இஷ்டமில்லையாம்னு சொன்னேன்."

"அதான் அவர் முகம் விழுந்தது," என்றாள் அக்கா. பிறகு, "அதான் மருந்துக்கடை வச்சிருக்கற அவரோட அக்கா என்னைப் பார்த்து ஒருநாள்கூடச் சிரிச்சதில்லை. அந்தம்மா சுபாவமே அப்படின்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள்.

"என்னை அடிச்சுடுக்கா. ஏதாவது பண்ணு."

"அந்தப் படத்தைப் பார்த்துட்டு உனக்கு எதுக்கு அவ்வளவு கோபம்?"

ரேடியோ விழித்தாள். இப்போது எதற்குப் படம்?

"சொல்லு."

"அவ அப்படிப்பட்டவ இல்லை. பார்த்தவங்க எல்லாம், கடைசியில கால்ல விழுந்தவன்னு அவளை நெனச்சுக்கிட்டுப் போவாங்க. நாவலைப் படிக்காதவங்களுக்கு அவ எப்பவுமே அதுதான்."

"ஆமா," என்றாள் அக்கா. "இருபத்திரண்டு வருஷமா ஒருத்தர் மனசுல நான் அவரை வேண்டாம்னு சொன்னவ. அந்தக் கோபம் எனக்கு வரக்கூடாதா?"

ரேடியோ, பேட்டியில் மனசு வரலை என்று சொன்ன அந்த இயக்குநரை எவ்வளவு எளிதாக வாய்க்கு வந்தபடி பேசினோம் என்று நினைத்தாள். அவர் கெடுத்தது, எழுதியவர் போய்ச் சேர்ந்துவிட்ட ஒரு கதையை. இவள் கெடுத்தது, உயிரோடு எதிரே நிற்கிறவளை.

அக்கா அலமாரியைத் திறந்து ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"எழுது. அன்னைக்கு அவர் சொன்னதை நீ என்கிட்ட எப்படி மாத்தினே, நான் சொன்னதை அவர்கிட்ட எப்படி மாத்தினே, அதை மட்டும் எழுது. மருந்துக்கடையில குடுத்தா போய்ச் சேர்ந்துடும்."

"நீயே எழுதலாமே அக்கா. உன் கையெழுத்து..."

"மாத்தினது நீ."

"அவருக்குக் கல்யாணமாகி பெரிய பிள்ளைங்க இருக்கும்க்கா. இப்பப் போய்..."

"இருக்கட்டும். நல்லா இருக்கட்டும். எனக்கு அவர் வர வேண்டாம், பதிலும் வேண்டாம். நான் என்ன சொன்னேன்னு அவருக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

ரேடியோ எழுதினாள். எத்தனையோ பேர் புகாரைத் தினம் எழுதியெடுக்கும் கை. தன் பேரில் ஒரு புகாரை எழுத முதல் வரிக்கே பத்து நிமிடம் ஆயிற்று. 'அன்று உங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த தங்கை நான்' என்று தொடங்கினாள். அவர் சொன்னதை எழுதினாள். தான் மாற்றியதை எழுதினாள். ஏன் என்று ஒரு வரி எழுதினாள். அது மன்னிப்புக் கேட்பதுபோல இருந்ததால் அதை அடித்துவிட்டாள். அக்கா தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டு வந்தாள். கடைசி வரிக்கு வந்ததும் ரேடியோவுக்குக் கண் நிறைந்து எழுத்து கலங்கியது. அக்காவுக்கு இதையாவது நல்லபடியாகச் செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. எழுதினாள்: 'உண்மையில், அக்கா சொன்னது இதுதான்: எனக்கு அவரை மிகவும் பிடித்திருக்கிறது.'

பேனாவை வைத்துவிட்டுத் திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

அக்கா குனிந்து, 'மிகவும்' என்ற சொல்லின்மேல் விரலை வைத்தாள். விரலை எடுக்காமல், மறுகையால் சொன்னாள்:

"நான் இதைச் சொல்லலை. பிடிச்சிருக்குன்னு மட்டும்தான் சொன்னேன்."

ரேடியோ அந்தச் சொல்லை அடிக்கப் போனாள். அக்கா அதற்கும் விடவில்லை. அந்தத் தாளை இரண்டாக மடித்து ஓரமாக வைத்துவிட்டு, வேறொரு தாளை எடுத்துக் கொடுத்தாள். ரேடியோ முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள்.